தங்கச்சி கையெழுத்து எங்கே?

(பட்டிமன்றத் தலைப்பு: முதன்முதலாக மனை வாங்குகிறவருக்கு நல்ல வழிகாட்டி உறவும் நட்புமா? ஊதியம் வாங்கும் வல்லுநரா? ‘ஊதியம் வாங்கும் வல்லுநரே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு வார்த்தை சொன்னார்கள். “உறவுக்காரனுக்கு நம்ம மேல ரத்தம் துடிக்கும், வக்கீலுக்கு ஃபீஸ்தான் துடிக்கும்” என்றார்கள். அரங்கமே தட்டியது. நானும் தட்டினேன். நடுவர் அவர்களே, ரத்தம் துடிக்கும் என்பது உண்மை. ஆனால் ரத்தம் துடிக்கிறவனுக்கு மூலப்பத்திரம் படிக்கத் தெரியுமா? அதுதானே இன்றைக்குக் கேள்வி!

நம்ம ஊரில் ஒரு பேனா வாங்கினால் கிறுக்கிப் பார்த்து வாங்குகிறோம். கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்குகிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். தேங்காய்க்காரன் முறைக்கிறான், நாம் கவலைப்படுவதே இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் போடும்போது மட்டும் என்ன செய்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் ஒரு விளம்பரம் வருகிறது. “சென்னைக்கு மிக அருகில்” என்கிறான். எங்கேடா என்று பார்த்தால் திண்டிவனம் தாண்டி! (சிரிப்பு) ஏ.சி. பஸ் அனுப்புகிறான், மத்தியானம் பிரியாணி போடுகிறான். பொட்டல் காட்டில் கலர் கலராகக் கொடி நட்டு, “இதோ இங்கே பள்ளிக்கூடம் வருது, அதோ அங்கே ஆஸ்பத்திரி வருது” என்கிறான். எல்லாமே வரும். நமக்குப் பத்திரம் ஒன்றுதான் ஒழுங்காக வராது! போன பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறார், “என்ன சார், அட்வான்ஸ் கொடுத்துட்டீங்களா? நான் கொடுத்துட்டேன்.” உடனே நாமும் கொடுத்துவிடுகிறோம். அவர் யார்? அவருக்கு என்ன தெரியும்? அவரும் பிரியாணி சாப்பிட வந்தவர்தானே!

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவரைத் தொடாமல் இறங்கினால் எங்கள் துறையில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். குறள் எதுவும் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். அதிகார வரிசையை மட்டும் பாருங்கள். 45ஆவது அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். அதாவது, விவரம் தெரிந்தவரைத் துணையாக வைத்துக்கொள். 47 தெரிந்து செயல்வகை. 50 இடனறிதல். இடம் பார்ப்பது ஐம்பதில்தான் வருகிறது ஐயா! துணையை முதலில் தேடு, அப்புறம் இடத்தைப் பார். நம்ம ஆள் நேரே ஐம்பதுக்குப் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு நாற்பத்தைந்தைத் தேடிக்கொண்டு வருகிறான்! (கைதட்டல்) சரி, எதிரணி நண்பர்களின் உறவுக்காரர்கள் எங்கே வருகிறார்கள்? சுற்றந்தழால், 53ஆவது அதிகாரம். இடம் எல்லாம் வாங்கி முடிந்தபிறகு, கிரகப்பிரவேசத்துக்கு! அப்போது வரட்டும், இலை போட்டுச் சாப்பாடு போடுகிறேன். (வள்ளுவர் அரசனுக்குச் சொன்னதை நான் மனை வாங்குகிறவனுக்கு இழுக்கிறேன் என்பது எனக்கும் தெரியும். மேடைக்கு அது பொறுக்கும்.)

வேடிக்கை போதும். நடுவர் அவர்களே, இந்த அணியில் பேச என்னைக் கூப்பிட்டபோது என் மனைவி ஒன்று சொன்னாள். “பேசப் போறதுன்னா நம்ம கதையைச் சொல்லுங்க. இல்லாட்டா பேசாதீங்க” என்றாள். அதனால் சொல்கிறேன்.

2004ஆம் வருஷம். கல்லூரியில் எனக்கு வேலை நிரந்தரமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மதுரைக்கு வெளியே, பஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டரில், ஐந்து சென்ட் இடம் விலைக்கு வருகிறது என்று சொன்னவர் என் மச்சான். என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். தங்கமான மனுஷர். இன்றைக்கும் சொல்கிறேன், அவர் அதில் ஒரு பைசா கமிஷன் வாங்கவில்லை. “மாப்பிள்ளை, தங்கச்சிக்கு ஒரு இடம் அமையணும்னு நானும் ரெண்டு வருஷமாப் பார்க்கறேன். இது நம்ம இடம். விட்ராதீங்க” என்றார். விற்கிறவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். இருவரும் மச்சானோடு டீக்கடையில் உட்காருகிறவர்கள். அவர்களுடைய அப்பா சம்பாதித்து வாங்கிய நிலம். அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள்.

விலை ஒன்றரை லட்சம். என்னிடம் அவ்வளவு ஏது? பி.எஃப்.பில் கடன் போட்டேன். சேமிப்பு கொஞ்சம் இருந்தது. மீதிக்கு என் மனைவி கையில் இருந்த எட்டுப் பவுன் வளையல். கழற்றும்போது ஒன்று வரவில்லை. சோப்பு நுரை போட்டுக் கழற்றினாள். “நம்ம வீட்டுக்குத்தானே போகுது” என்று சிரித்துக்கொண்டே கழற்றினாள். எட்டுப் பவுன் இன்றைக்கு என்ன விலை என்று இங்கே இருக்கிற தாய்மார்கள் மனசுக்குள் கணக்குப் போடுகிறீர்கள், தெரிகிறது. போடாதீர்கள். நான் பேச்சை முடிக்க வேண்டும்.

இப்போது எதிரணித் தலைவர் கேட்பார், “ஏன்யா, படிச்ச ஆளு, பத்திரத்தைப் பார்க்கலையா?” பார்த்தோம் ஐயா. மச்சான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். சுத்தம். பட்டா இருந்தது. அப்பா பெயரில் கிரயப் பத்திரம் அசலே இருந்தது. மச்சான் காகிதங்களை மேசைமேல் வைத்து, “பளிங்கு மாதிரி இருக்கு மாப்பிள்ளை” என்றார்.

எனக்கு உள்ளே ஒரு சின்ன உறுத்தல். கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த வணிகவியல் பேராசிரியர், “ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாங்குவார்” என்றார். அந்தக் காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வக்கீலிடம் போனால் மச்சானுக்குத் தெரிந்துவிடும். “மாப்பிள்ளைக்கு என்மேல நம்பிக்கை இல்லையா?” என்பார். என் மனைவி முகம் வாடும். சம்பந்தி வீடு வரைக்கும் பேச்சுப் போகும். போகாமல் இருந்துவிட்டேன்.

நடுவர் அவர்களே, இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர் தப்பாகச் சொல்வார் என்று நான் வாதாடவில்லை. உறவுக்காரரிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது என்கிறேன். வக்கீலிடம் “ஏன் சார் அப்படிச் சொல்றீங்க?” என்று பத்து முறை கேட்கலாம். ஃபீஸ் கொடுத்திருக்கிறோம், கேட்போம். மச்சானிடம் இரண்டாம் முறை கேட்டால் அது சந்தேகம். மூன்றாம் முறை கேட்டால் அது சண்டை.

2007இல் போர் போடுவதற்கு ஆள் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு அம்மா, வெளுத்த நூல்சேலை, கூடவே பள்ளிக்கூடம் படிக்கிற பையன். “ஐயா, இது எங்க அப்பா நிலம். எனக்குத் தெரியாம அண்ணனுங்க வித்துட்டாங்க” என்றார். எனக்குத் தரை நழுவியது. அந்த வாரத்திலேயே நோட்டீஸ் வந்தது.

அப்போதுதான் வக்கீலிடம் ஓடினேன். அவர் கட்டைப் பிரிக்கவே இல்லை. மேலே இருந்த இரண்டு காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்பா உயில் எழுதாம இறந்திருக்கார். வாரிசுச் சான்று எங்க சார்?” வாரிசுச் சான்றிதழ். தாலுகா அலுவலகத்தில் கொடுப்பது. அதில் மூன்று பேர் பெயர் இருந்தது. விற்றது இரண்டு பேர். “தங்கச்சி கையெழுத்து எங்க சார்?” என்றார்.

1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் இல்லையென்றால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்துத் தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. 2005இல் நாடு முழுக்க வந்தது. எங்கள் மச்சானுக்கு அது தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் “கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு என்ன பங்கு, சீர் செஞ்சாச்சுல்ல” என்பது ஊர்ச்சட்டம். டீக்கடையில் அந்தச் சட்டம்தான் அமலில் இருக்கிறது.

வில்லங்கம் சுத்தமாக வந்ததே என்கிறீர்களா? வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் பதிவாகும், அடமானம் பதிவாகும். தங்கச்சி பிறந்தது பதிவாகுமா? (சிரிப்பு) பதிவு செய்யாத உயில் ஒன்று யார் வீட்டுப் பெட்டியிலாவது தூங்கிக்கொண்டிருந்தால், அதுவும் வில்லங்கத்தில் வராது. இன்னொன்று. பத்திரம் பதிவாகிவிட்டாலே சொத்து நம்முடையது என்று அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்துவிட்டதாக நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதிவு என்பது “இன்ன தேதியில் இவர் இவருக்கு எழுதிக் கொடுத்தார்” என்பதற்குச் சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று பார்ப்பது வாங்குகிறவன் பாடு.

வழக்கு நான்கு வருஷம் நடந்தது. 2011இல் சமாதானம் ஆனோம். மூன்றில் ஒரு பங்குக்கு அன்றைய விலை போட்டு அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். முழு இடத்தையும் 2004 விலைக்கு வாங்கினேன். அதில் மூன்றில் ஒரு பங்கை 2011 விலைக்கு மறுபடியும் வாங்கினேன். விற்றவர்கள் மேல் வழக்குப் போடவில்லையா என்று கேட்காதீர்கள். ஒரு வழக்குக்கே எங்கள் வீட்டில் வளையல் தீர்ந்துவிட்டது. அந்த அம்மா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் கேட்டது அவருடைய பங்கு.

காசு போனது பெரிதில்லை. இந்த நான்கு வருஷமும் மச்சான் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. நான் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவருக்கே குற்ற உணர்ச்சி. என் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அவர் வரவில்லை. மொய்ப்பணமும் தோடும் வேறொரு ஆளிடம் கொடுத்தனுப்பினார். என் மனைவி அந்தத் தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் போய் அழுதாள். இப்போது சொல்லுங்கள் சகோதரி. வக்கீல் தப்புச் செய்தால் நான் வக்கீலை மாற்றுவேன். மச்சானை எங்கே போய் மாற்றுவேன்? (கைதட்டல்)

எதிரணியில் இளைஞர் ஒருவர், “வக்கீலும் ஏமாற்றுகிறான், புரோக்கரும் ஏமாற்றுகிறான்” என்றார். தம்பி, புரோக்கரை என் அணியில் தள்ளாதீர்கள். அவர் இந்தப் பக்கமும் கமிஷன் வாங்குவார், அந்தப் பக்கமும் வாங்குவார். கிரயம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. அதனால் அவர் வாயில் “வேண்டாம்” என்ற சொல் வராது. நான் சொல்கிற வல்லுநர், “இந்த இடம் வேண்டாம்” என்று சொன்னாலும் ஃபீஸ் வாங்குகிறவர். அந்த ஃபீஸ்தான் அவரை நிஜம் பேச வைக்கிறது. மனைக்காரரே ஒரு வக்கீல் கருத்தைத் தயாராக அச்சடித்துக் கொடுப்பார், “லீகல் எல்லாம் பார்த்தாச்சு சார்” என்று. அது மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற நடத்தைச் சான்றிதழ் மாதிரி. வாங்கி வைத்துக்கொள்ளலாம், நம்பக்கூடாது. பாங்க் கடன் கொடுக்கிறதே என்றார்கள். பாங்க் பார்ப்பது அது கொடுக்கிற கடனுக்குப் பாதுகாப்பு. அதுவும் ஒரு சோதனைதான், மறுக்கவில்லை. நம் கைக்காசுக்கு நாம்தான் ஆள் வைக்க வேண்டும்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்று வாங்கினார்கள். ஊராட்சித் தலைவர் முத்திரை போட்டால் அது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகிவிடுமா? சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களுக்கு டி.டி.சி.பி. என்று துறைகள் இருக்கின்றன. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உத்தரவு போட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று மனை வாங்கி வைத்திருந்தவர்கள் கல்யாணத் தேதி குறித்துவிட்டுப் பத்திர அலுவலக வாசலில் நின்றார்கள். 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்த பிறகுதான், கட்டணம் கட்டி, கொஞ்சம் மூச்சு விட்டார்கள். “எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க” என்று யோசனை சொன்ன நண்பர்கள் ஒருவரும் அந்த வரிசையில் நிற்கவில்லை.

பவர் பத்திரம் கதை அதைவிட மோசம். “கிரயம் அப்புறம் பண்ணிக்கலாம், இப்போ பவர் எழுதி வாங்கிக்க, செலவு மிச்சம்” என்று சொல்லாத சித்தப்பா இந்த நாட்டில் உண்டா? பவர் எழுதி வாங்கினால் சொத்து கைமாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சித்தப்பாவுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

எதிரணிக்கு ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். ஊர்க்காரர் சொல்கிற சில விஷயம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஆடு மேய்க்கிற பெரியவரிடம் போய், “ஐயா, ஐப்பசி கார்த்திகையில இங்க தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?” என்று கேளுங்கள். தன் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். 2015 டிசம்பரில் சென்னையில் என்ன நடந்தது? ஏரியாக இருந்த இடத்துக்கெல்லாம் தண்ணீர் விலாசம் கேட்காமல் வந்து சேர்ந்தது. அந்த இடங்களில் எத்தனை வீட்டுக்குப் பத்திரம் பக்காவாக இருந்திருக்கும்! ஆகவே தண்ணீர், பாதை, பக்கத்து வீட்டுக்காரன் குணம், ராத்திரி வெளிச்சம் இதையெல்லாம் உறவைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அவர்கள் கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்த்தே சொல்வார்கள். மண்ணைப் பற்றி அவர்கள் பேசட்டும். காகிதத்தைப் பற்றிக் காகிதம் படிக்கிறவர் பேசட்டும். அளப்பதற்கு சர்வேயரை வைத்து, புலப்படத்தோடு ஒப்பிட்டு, நாலு பக்கமும் கல் ஊன்றிய பிறகு பணம் கொடுங்கள். எங்கள் ஐந்து சென்ட்டை, அதாவது 2,178 சதுர அடியை, கடைசியில் அளந்தபோது 2,090தான் இருந்தது. அந்தக் கதையை இன்னொரு பட்டிமன்றத்துக்கு வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு இந்த வேலை முன்னைப்போல் கஷ்டமும் இல்லை. வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பட்டாவும் அப்படியே. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. விற்றுக்கொடுக்கிற ஏஜெண்டும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டவுடன் பிரியாணிக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்!

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், பார்த்தேன். ஒரே நிமிஷம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் மச்சான். கையில் மஞ்சள் பை. அவருடைய மகனுக்கு ஒரு மனை பார்த்திருக்கிறாராம். இருபது லட்சம். உட்காரக்கூட இல்லை, பையை நீட்டினார். “மாப்பிள்ளை, வில்லங்கம் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிருங்க” என்றார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை! என் மனைவி சமையலறைக் கதவோரமாக நின்று என்னையே பார்க்கிறாள். நான் பையைப் பிரிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, “வாங்க மச்சான்” என்று ஸ்கூட்டரில் ஏற்றி, நேராக அந்த வக்கீல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் காகிதத்தை எடுத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் மச்சான் முந்திக்கொண்டார்.

“சார், அவங்களுக்கு ரெண்டு தங்கச்சி. ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கான்னு முதல்ல பாருங்க!”

(பலத்த கைதட்டல்)